பழகிடும் என்றார்கள்

“அத்த, நீங்க ஸ்லோ” என்று அண்ணன் மகன் சொல்லி ஒன்றரை வருடம் இருக்கும். சொன்ன வாயோடு மீ கோரெங்கை அள்ளிப் போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டான். 15 வயதுப் பையன், அவனுக்கு அது மறந்தே போயிருக்கும். எனக்குத்தான் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது. வயதாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 43 ஒளித்துவைக்கிற சங்கதி இல்லை. ஸ்லோ என்பது வேறு. மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில், லோரி எடை போடுகிற ஆபீஸில் 19 வருடமாக உட்கார்ந்து நம்பர் தட்டுகிறேன். வண்டி எண், குலையோடு எடை, வெறும் வண்டி எடை, தோட்டத்தின் பெயர் என்று கண் திரையில் இருக்க, விரல் தன்பாட்டுக்கு ஓடும். பழம் கூடுதலாக விழுகிற மாதங்களில் வாசலில் வரிசை கட்டி நிற்கிற டிரைவர் அண்ணன்கள் ஒருவர்கூட என் விரலைக் குறை சொன்னதில்லை. அந்த விரல் வீடியோ கேம் கண்ட்ரோலர் என்கிற ஒரு பிளாஸ்டிக் சாமானைப் பிடித்ததும் எப்படி மந்தமாகும்?

நான் டீவியில் ஆடுவது வாள் சண்டை கேம். எதிரி வாளை ஓங்குவான். அது நம்மேல் விழுகிற கணத்தில் கண்ட்ரோலரின் மேல்விளிம்பில், வலது தோள்பக்கத்தில் இருக்கிற பட்டனைத் தட்டினால் அவன் வாள் தெறித்துப் போகும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் நாம் காலி. பகலெல்லாம் குலை எடை பார்த்து, வந்து சமைத்து, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகு, ஒன்பதரைக்கு மேல் எனக்கென்று கிடைக்கிற ஒரு மணி நேரம் இது. பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு “பையன் வந்திருக்கானா?” என்பார். பையன் வராத நாளிலும் “ஆமாக்கா” என்றே சொல்லிவைத்திருக்கிறேன். இந்தப் பதிவை அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்தில் இருந்தபோது எங்கள் லயத்தின் கடைசி வீட்டில், டீவியில் மாட்டி ஆடுகிற மைக்ரோ ஜீனியஸ் கேம் பெட்டி ஒன்று இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கையில் பிடிக்க பிஸ்கட் பாக்கெட் மாதிரி ஒரு சின்னச் செவ்வகம், இடது பக்கம் கூட்டல் குறி, வலது பக்கம் பட்டன்கள். அந்தக் கூட்டல் குறியை ஜப்பான் கேம் கம்பெனியான நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மடக்கு விளையாட்டுக்காகச் செய்தார் என்பதெல்லாம் மிகப் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: எட்டு வயதுக் கைக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு என் கை கொஞ்சம் வளர்ந்தது, கண்ட்ரோலர் ரொம்ப வளர்ந்தது. டவுனில் பிளேஸ்டேஷன் கடை வந்தபோது அதன் உள்ளே பையன்கள் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள். நான் செருப்புக் கடைக்குப் போகிற சாக்கில் வாசலைக் கடந்ததோடு சரி. நடுவில் 25 வருடம் ஒன்றுமில்லை. அண்ணன் வீட்டில் புதுசு வாங்கியதும் பழசு எங்கள் வீட்டுக்கு வந்தது, அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தேன்.

காசு போன வழி

ஸ்லோ என்றதும் நான் முதலில் சந்தேகப்பட்டது டீவியை. அது வீண்போகவில்லை. இப்போதைய டீவிகள் வருகிற படத்தை அப்படியே காட்டுவதில்லை. நிறத்தைக் கூட்டி, அசைவை இழைத்து, பூசி மெழுகித்தான் காட்டுகின்றன. அந்த ஒப்பனைக்கு ஆகிற நேரம் நம் விரலுக்கும் திரைக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். செட்டிங்கில் கேம் மோட் என்று இருக்கிறது, அதைப் போட்டால் டீவி மேக்கப்பை விட்டுவிட்டு வந்ததைக் காட்டும். காசு செலவில்லாத வைத்தியம். செய்த அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. அத்தோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். ஒரு கண்ட்ரோலர் தன் பட்டன் நிலவரத்தை வினாடிக்கு 125 தடவை சொன்னால் ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் நடுவே 8 மில்லி வினாடி; 1000 தடவை சொன்னால் 1 மில்லி வினாடி. புளூடூத்தைவிட, கூடவே வருகிற குட்டி ரிசீவரான டாங்கிள் வேகம், டாங்கிளைவிட வயர் வேகம். இதையெல்லாம் மனப்பாடம் செய்து 140 வெள்ளி கொடுத்து ஆயிரம்காரனை வாங்கினேன். டீவியில் வினாடிக்கு 60 படம் ஓடுகிறது என்றால் ஒரு படம் நிற்பது 16.7 மில்லி வினாடி. நான் 140 வெள்ளிக்கு வாங்கிய நேரம் அரைப் படத்துக்கும் குறைவு. ஆலையில் ஒரு டன்னுக்கு எத்தனை சென் என்று பிசகாமல் பார்க்கிறவள், இந்தக் கணக்கை வாங்கிய பிறகுதான் போட்டேன்.

புதுசு வாங்கியதற்கு வேறு காரணமும் உண்டு, அது என் கைவரிசை. வீட்டில் ஏர்கோன் இல்லை. ஏப்ரல் மாதத்து ராத்திரிகளில் உள்ளங்கை வேர்த்து வழுக்கும். கேரம் போர்டு பழக்கத்தில் பவுடர் போட்டுக்கொண்டேன். மூன்று மாதத்தில் என் வீரன் யாரும் தொடாமலே இடது பக்கம் நடக்க ஆரம்பித்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போன் ரிப்பேர் செய்கிற தம்பி திறந்து பார்த்துவிட்டு, “உள்ளாற வாசனையா இருக்குக்கா” என்றான். பிறகு பொறுமையாகக் காட்டினான். கட்டைவிரலால் சாய்த்து ஆளை நடத்துகிற குச்சிதான் ஸ்டிக். அதற்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கார்பன் பூசிய ஒரு பாதை. அதன்மேல் ஒரு உலோக நுனி உரசிக்கொண்டே போகும். எங்கே உரசுகிறது என்பதை வைத்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. பவுடர் போடாதவர்களுக்கும் அந்தப் பாதை என்றைக்காவது தேயும், என் பவுடர் அதைச் சீக்கிரமாக்கியது. ஹால் எஃபெக்ட் என்று எழுதியிருக்கிற ஸ்டிக்கில் உரசல் கிடையாது, காந்தம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைத் தொடாமலே அளந்துவிடும் என்றும் சொன்னான். எட்வின் ஹால் அந்த விளைவைக் கண்டுபிடித்தது 1879இல். 1998இல் ஜப்பானில் வந்த டிரீம்காஸ்ட் என்கிற கேம் பெட்டியின் கண்ட்ரோலரிலேயே அதைப் போட்டிருந்தார்கள். தேயாத ஸ்டிக் அப்போதே இருந்தது. பிறகு வந்தவர்கள் தேய்கிற ஸ்டிக்கையே இத்தனை வருடம் ஏன் விற்றார்கள் என்று கேட்டால் தம்பி கண்ணடிக்கிறான்.

ஆக, எனக்கு இப்போது தேயாத ஸ்டிக், 1 மில்லி வினாடி, கேம் மோட் எல்லாம் இருந்தது. அந்த வாளைத் தட்டிவிட மட்டும் முடியவில்லை.

மரம் மாறாது

இந்த இடத்தில் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். பழகிடும். ரிப்பேர் தம்பி சொன்னான், பையன் சொன்னான், வீட்டுக்காரர் கண்ட்ரோலரைப் பார்க்காமலே சொன்னார். கடிக்கிற செருப்புக்கும் அவர் அதைத்தான் சொல்வார். நானும் நம்பினேன், ஏனென்றால் பழகுவது எப்படி என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

அம்மா இடதுகைக்காரர். சாப்பாடு தவிர எல்லாம் இடதுதான். கோலம், தையல், எங்கள் முதுகில் விழுந்த அடி எல்லாம். ஆனால் அவர் பால் வெட்டப் போன ரப்பர் மரத்தில் வெட்டுக்கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும், ஏறக்குறைய 30 டிகிரி சரிவில். பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய்கள் நேர்க்குத்தாக இல்லாமல் லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அந்தத் திசையில் வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுந்து பால் நன்றாக வரும். வெட்டுக்குப் போன முதல் வாரம் அம்மா இடது கையால் பிடித்துப் பட்டையைக் காயப்படுத்தியிருக்கிறார். “ஒனக்காக மரத்தைத் திருப்பி நட முடியுமா? வலது கையில புடி, பழகிடும்” என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சொன்னாராம். பழகிவிட்டது. 31 வருடம், விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வலது கையால் வெட்டினார். அப்படிப்பட்டவர் வயிற்றில் பிறந்துவிட்டு ஒரு பட்டன் எட்டவில்லை என்று புலம்ப எனக்கே கூச்சமாக இருந்தது.

கை சின்னது, அதனால் சின்னதாக வாங்கு என்று வேறு ஒரு யோசனை வந்தது. அதையும் செய்து பார்த்தேன். குழந்தைகளுக்கென்று விற்கிற ஒன்று, பசார் மாலாமில் 45 வெள்ளி. அரை மணி நேரத்தில் மோதிர விரல் மரத்துப்போனது. உள்ளங்கைக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லாததால் விரல்கள் எல்லாம் மடங்கிக்கொண்டு, கறிவேப்பிலை ஆய்கிற மாதிரி அதை நுனியால் பிடித்துக்கொண்டிருந்தேன். கைக்கு ஏற்றது என்றால் கை அளவுக்குச் சின்னது என்று நினைத்துக்கொண்டிருந்தது தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது. சரி எது என்று புரியவில்லை.

36 படங்கள்

பையன் ஒரு சனிக்கிழமை வந்திருந்தான். அவன் போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோ மோஷன் இருக்கிறது. பந்தை உதைத்துவிட்டு அதைப் பார்த்து ரசிப்பான். எனக்கு அப்போதுதான் தோன்றியது. நான் ஸ்லோ என்கிறாயே, அளந்து பார்ப்போம் வா என்றேன். மைலோ டின்னின்மேல் போனைச் சாய்த்து, என் தோளுக்குப் பின்னால், கையும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வைத்தோம். எதிரியின் பத்து அடியை நான் தட்டப் பார்த்தேன், பத்து அடியை அவன். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளி எண்ணினோம். அவனுக்கு ரெண்டாவது அடியிலேயே சலித்துவிட்டது. எனக்கு எண்ணுவதுதான் தொழில்.

எதிரியின் வாள் அசையத் தொடங்கியதிலிருந்து என் விரல் முதலில் அசைகிற வரைக்கும் 62 படம். அவனுக்கு 57. வித்தியாசம் 5 படம், அதாவது 0.02 வினாடி. 43க்கும் 15க்கும் நடுவே உள்ள 28 வருடத்தின் விலை இவ்வளவுதான் என்றால் நான் சந்தோஷமாகக் கட்டிவிடுவேன். ஆனால் விரல் அசையத் தொடங்கியதிலிருந்து பட்டன் அழுந்துகிற வரைக்கும்? அவனுக்கு 11 படம். எனக்கு 36. நம்பாமல் திரும்ப எண்ணினேன். 36, 35, 38, 36.

அந்த 36 படங்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பல தடவை ஓட்டிப் பார்த்தேன். என் ஆள்காட்டி விரல், தோள்பக்கத்து பட்டனுக்குக் கீழே துப்பாக்கி விசை மாதிரி இருக்கிற டிரிகரின்மேல் இருக்கிறது. மேலே இருக்கிற பட்டனை அழுத்த அது எழுந்து வர வேண்டும். எழுகிறது, எட்டவில்லை. உடனே வலது கை மொத்தமும் கண்ட்ரோலரை விட்டுக் கொஞ்சம் வழுக்கி முன்னால் போகிறது. கட்டைவிரல் ஸ்டிக்கிலிருந்து எழும்பிவிடுகிறது. இடது கை, சாமான் விழாமல் இருக்க இறுக்குகிறது. பிறகு விரல் பட்டனைத் தொடுகிறது. அழுத்துகிறது. அழுத்தியதும் கை பழைய இடத்துக்கு நழுவி வருகிறது. ஒவ்வொரு அடிக்கும் இதே சடங்கு. பையனின் விரலோ டிரிகரிலேயே கிடக்கிறது. நடுக்கணு மேலே பட்டனைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அவன் லேசாக மடக்குகிறான், அவ்வளவுதான்.

0.15 வினாடி. மூன்று வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் நான் கண்ட்ரோலரை விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல். 7 மில்லி வினாடிக்குக் காசு கொடுத்தவள், கையிலேயே 150 மில்லி வினாடியைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இதில் எனக்கு ரொம்ப உறுத்தியது வேறு. நான் உண்மையிலேயே பழகியிருந்தேன். அந்த வழுக்கலும் பிடித்தலும் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், நாட்டியம் மாதிரி, பத்து அடியிலும் ஒரே அளவாக இருந்தது. கை தன்னால் முடிந்ததை எல்லாம் பழகி முடித்துவிட்டது. அதற்குமேல் என் விரல் எலும்பு நீள வேண்டும், அது நீளாது.

பையன் என்னைப் பார்த்து, “அப்ப நீங்க ஸ்லோ இல்ல அத்த, குட்ட” என்றான். மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஈப்போவில் கண்ணை மூடிக்கொண்டு

அடுத்த வாரம் ஈப்போவுக்குப் போனேன். யிக் ஃபூங் கட்டடத்தில் ஒரு கடை. கவுண்டரில் இருந்த சீனப் பையன் “யார் விளையாட, ஆன்ட்டி? மகனுக்கா?” என்று மலாயில் கேட்டான். இந்தத் தடவை ஆமாம் என்று சொல்லவில்லை. என் கையைக் காட்டி, டிரிகரில் விரல் இருக்கும்போதே மேல் பட்டன் எட்ட வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும் என்றேன். அவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, டெமோ வைத்திருந்ததை எல்லாம் எடுத்துப் பரப்பினான். நல்ல பையன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். பளபளப்பையும் விளக்கையும் பார்த்து மயங்காமல் இருக்க அதுதான் வழி. புடவைக் கடையில் நமக்கு இந்த வித்தை தெரியும், கம்ப்யூட்டர் கடையில் மறந்துவிடுகிறோம்.

பிடித்தபோது விளங்கிய சில. கைப்பிடி சின்னதா பெரிதா என்பதைவிட, உள்ளங்கையின் மேடு போய் உட்காருகிற இடத்திலிருந்து மேல் பட்டன் எவ்வளவு தூரம் என்பதுதான் எனக்கு முக்கியம். தடித்த பிடி உள்ளங்கையை நிரப்பும், ஆனால் அந்தத் தடிமன் முழுவதும் விரலின் நீளத்திலிருந்துதான் கழியும். இடது ஸ்டிக் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதற்காக இணையத்தில் ஜனங்கள் குடுமிப்பிடி சண்டை போடுகிறார்கள். பிளேஸ்டேஷன் 1994இல் வந்தபோது ஸ்டிக்கே கிடையாது. கட்டைவிரலுக்கு வசதியான மேல் இடத்தைத் திசை பட்டன் ஏற்கெனவே பிடித்துவிட்டது. 1997இல் ஸ்டிக் சேர்த்தபோது கீழே மிச்சமிருந்த இடத்தில் வைத்தார்கள். லயத்து வீட்டில் பின்பக்கம் தகரம் போட்டு அடுப்படியை நீட்டுவோமே, அந்த மாதிரி. நீளக் கட்டைவிரல் இருக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு மேலே இருந்தால்தான் மணிக்கட்டு நிம்மதியாக இருந்தது.

கை சின்னதாக இருப்பது ஏதோ என் வீட்டுக் குறை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, மைக்ரோசாப்ட்காரர்களின் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டியின் கதை பெரிய ஆறுதல். 2001இல் அமெரிக்காவில் அவர்கள் கொண்டுவந்த முதல் கண்ட்ரோலர் அவ்வளவு பெரிது, அதற்கு டியூக் என்றே பேராகிவிட்டது. ஜப்பானில் விற்க வேண்டும் என்று வந்தபோது அங்கேயுள்ள கைகளுக்காகச் சின்னதாக வேறு ஒன்று செய்தார்கள். கடைசியில் அந்தச் சின்னதே எல்லா நாட்டுக்கும் போனது, டியூக் ஓரங்கட்டப்பட்டது. பெரிய கைக்காரர்களும் ரகசியமாகத் திண்டாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் போலும். 2020இல் வந்ததை 8 வயதுக் குழந்தையின் கைக்கும் எட்ட வேண்டும் என்று கணக்குப் பண்ணி இன்னும் கொஞ்சம் செதுக்கியிருக்கிறார்கள்.

கடைசியில் நான் வாங்கியது பின்பக்கம் இரண்டு பட்டன் இருக்கிற ஒன்று. மோதிர விரல் சும்மா கிடக்கிற இடத்தில் அவை இருக்கின்றன. முன்பக்கத்து எந்த பட்டனின் வேலையையும் அவற்றுக்கு மாற்றிக் கொடுக்கலாம். மேல் பட்டனின் வேலையை வலது பின் பட்டனுக்குக் கொடுத்தேன். இனி ஆள்காட்டி விரல் டிரிகரை விட்டு எழவே வேண்டாம். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் என் கைக்குப் பொருந்தியதை உங்கள் கைக்கு வாங்குவீர்கள், பிறகு வந்து என்னைத் திட்டுவீர்கள்.

உடனே ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வாரம் நரகம். பதட்டத்தில் இறுக்கிப் பிடித்தால் பின் பட்டன் தானாக அழுந்தும். வாள் வந்தால் ஆள்காட்டி விரல் பழைய சடங்குக்குப் புறப்பட்டுவிடும். இதற்கும் பழகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் இந்தப் பழக்கம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிற தொந்தரவு. பழையதில் மூன்று வருடமாக ஒரு படம்கூடக் குறையவில்லை. மூன்றாவது வாரம் மைலோ டின்னை மறுபடி எடுத்துவைத்து எண்ணினேன். 36 இருந்த இடத்தில் 14.

இதை அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்ட்ரோலரைக் கையில் வாங்கி, திருப்பி, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். “என் கத்தியும் இப்படித்தான்” என்றார். எப்படி என்றேன். பிடி நீளமாக இருந்ததாம், வலது கைக்கு அடங்கவில்லையாம். அப்பாவிடம் சொல்லி ரெண்டு விரக்கடை அறுத்து, பால் பட்டு வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாராம். 31 வருடமும் அந்தப் பிடிதான், கத்தி மாறும்போதெல்லாம் அப்பா அறுத்துக் கொடுத்திருக்கிறார். இந்தக் கதையை அம்மா எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அத்தனை தடவையும் இந்தப் பகுதி இல்லை.

“மண்டோர் ஒண்ணும் சொல்லலையாம்மா?”

“அவன் ஏன் கத்தியப் பாக்கப் போறான்? பட்டையத்தான் பாப்பான்.”

“அப்ப பழகிடும்னு அவர் சொன்னது பொய்தானே?”

“பழகுச்சே. அறுத்ததுக்கப்பறம் பழகுச்சு” என்று சொல்லிவிட்டு, இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்கிற முகத்தோடு, டீவியை நாடகத்துக்கு மாற்றச் சொன்னார்.

போன சனிக்கிழமை பையன் வந்தான். ஒன்றரை வருடத்தில் அரை அடி வளர்ந்திருக்கிறான், கை முறம் மாதிரி ஆகிவிட்டது. என் கண்ட்ரோலரை எடுத்து ஐந்து நிமிடம் ஆடினான், மூன்று தடவை செத்தான், அவன் மோதிர விரல் பின் பட்டனைத் தாண்டி எங்கோ போய் நின்றது. “என்னத்த இது, கையே மடங்க மாட்டேங்குது” என்றான். பழகிடும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து அடுப்படிக்குப் போய், அலமாரியில் மைலோ டின்னைத் தேடிக்கொண்டிருந்தான்.